உணவுக்குழாயும் இரைப்பையும் கூடும் இடத்திலே



தோட்டப்புற வீடுகளில் நெஞ்செரிச்சல் என்பதை யாரும் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றில் ஒரு குவளை கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறோம். பதினொரு மணிக்கோ பன்னிரண்டு மணிக்கோ பசியாறுகிறோம். இரவில் வயிறு நிறையச் சோறும் குழம்பும் உண்டு, உண்ட கையோடு பாயை விரித்துப் படுத்து விடுகிறோம். நடுராத்திரியில் நெஞ்சுக்குழியில் தீ வைத்தாற்போல் எரிகிறது. புளித்த தண்ணீர் தொண்டைவரை எதுக்களித்து வருகிறது. "வாயு" என்று ஒரு சொல்லைச் சொல்லி, கடையில் வாங்கி வைத்த ஈனோ உப்பைக் கரைத்துக் குடித்துவிட்டுத் திரும்பவும் படுக்கிறோம். இப்படியே பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழிந்து விடுகிறது. அந்தப் பத்து, இருபது ஆண்டுகளில் நெஞ்சுக்குழிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். சிலருக்கு அங்கே நடப்பது புற்றுநோய்க்கு முன்னோட்டமாக அமைந்து விடுகிறது. ஆனால் அது ஒரே நாளில் வருவதன்று, படிப்படியாக வருவது. படிப்படியாக வருகின்ற ஒன்றைப் பாதியிலேயே நிறுத்துவதற்கு நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். நாம் விழுங்கும் உணவு தொண்டையிலிருந்து ஒரு குழாய் வழியாக இறங்குகிறது. அதுதான் உணவுக்குழாய். வளர்ந்த மனிதருக்கு அது சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கின்ற தசைத்தட்டு ஒன்று நம் உடம்பில் இருக்கிறது. அதற்கு உதரவிதானம் என்று பெயர். அந்தத் தட்டில் உள்ள ஒரு துவாரத்தின் வழியே குழாய் கீழிறங்கி இரைப்பையோடு சேர்கிறது. சேரும் இடத்தில் வாயை இறுக்கிப் பிடிக்கும் தசை ஒன்று வளையம் போல் அமைந்துள்ளது. உணவு வரும்போது அது திறக்கும். மற்ற நேரங்களில் மூடிக்கொண்டிருக்கும்.

இந்த இரண்டு உறுப்புகளின் உட்புறமும் ஒரே மாதிரித் தோலால் ஆனவை அல்ல. உணவுக்குழாயின் உள்தோல் நம் உதட்டின் உட்புறத்தைப் போன்றது. தட்டையான உயிரணுக்கள் அத்தாப்புக் கூரையில் ஓலைமேல் ஓலை வைத்தது போல அடுக்கடுக்காக இருக்கும். சோற்றுப் பருக்கையும் முள்ளும் உரசிக்கொண்டு போனாலும் தாங்கும். ஆனால் அமிலத்தைத் தாங்காது. இரைப்பையின் உள்தோல் வேறு விதம். அங்கே உயிரணுக்கள் நாற்றங்காலில் நட்ட கன்றுகளைப் போல ஒரே வரிசையாக நெட்டுக்குத்தலாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் வழுவழுப்பான சளியைச் சுரந்து தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. இரைப்பை சுரக்கும் அமிலம் எத்தனை கடுமையானது என்பதை ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பாலை உறைய வைக்கும் அமிலம் கையில் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரைப்பையில் உள்ளது வேறு அமிலம்தான். ஆனால் அதுவும் சாதுவானதன்று. அந்தச் சளிப் பூச்சு இருப்பதால்தான் இரைப்பை தன்னையே அரித்துக்கொள்ளாமல் இருக்கிறது.

மருத்துவர்கள் ஸ்கோப் என்னும் குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும்போது, மேலே வெளிறிய நிறமும் கீழே செந்நிறமும் ஒரு கோட்டில் சந்திப்பது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கோடு நேர்க்கோடாக இராது. வேட்டிக்கரை போல ஏறி இறங்கி இருக்கும். இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கோட்டைப் பற்றியதுதான்.

மூடி இறுக்கமாக இருக்கும்வரை கோடு தன் இடத்தில் இருக்கும். மூடி தளர்ந்தால் அமிலம் மேலேறும். தளர்வதற்குக் காரணங்கள் பல. தொப்பை பெருத்தால் வயிற்றின் அழுத்தம் கூடுகிறது. சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே உதரவிதானத் துவாரத்தின் வழியே நெஞ்சுக்குள் நழுவி ஏறிவிடுகிறது. புகையும் மதுவும் அந்தத் தசையைத் தளர்த்துகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. இது எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. சாப்பிட்டவுடன் உணவோடு கலந்து இரைப்பையின் அமிலம் பெருமளவு நீர்த்துப் போகிறது. ஆனால் வாயிலுக்குச் சற்றுக் கீழே மட்டும், உணவோடு கலக்காத கடும் அமிலம் ஒரு சிறு குட்டையைப் போலத் தேங்கி நிற்கிறது என்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஆராய்ச்சியாளர்கள் 2001இல் கண்டறிந்தார்கள். ஆக, வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே படுக்கிறவர், அந்தக் குட்டையைத்தான் மேல்நோக்கிச் சாய்க்கிறார்.

அடிக்கடி அமிலம் பட்டால் உணவுக்குழாயின் தோல் என்ன செய்யும்? முதலில் புண்ணாகும். பிறகு ஆறும். மறுபடியும் புண்ணாகும். இங்கே ஒரு ரப்பர் மரத்தை நினைத்துப் பாருங்கள். கத்தி அளவாக இறங்கினால், வெட்டிய இடத்தில் நல்ல புதுப்பட்டை வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் அங்கே பால் வெட்டலாம். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தையே காயப்படுத்திவிட்டால், அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். அதில் சீராகப் பால் எடுக்க முடியாது. மரம் இறந்து போவதில்லை. ஆனால் வளர்ந்தது பழைய பட்டை அன்று.

நம் உடம்பும் அப்படியே செய்கிறது. திரும்பத் திரும்பப் புண்பட்ட உணவுக்குழாய், தன் தட்டைத் தோலைக் கைவிட்டு, அமிலத்தைத் தாங்கக்கூடிய நெட்டையான உயிரணுக்களை அங்கே வளர்த்துக்கொள்கிறது. கோடு மேலே ஏறுகிறது. வெளிறிய குழாயின் அடிப்பகுதியில் செந்நிறத் திட்டுகள் நாக்கு நாக்காக நீள்கின்றன. அந்தத் திட்டிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்பெருக்கியின் கீழ் பார்த்தால், சில சமயம் குடலில் இருக்கவேண்டிய கிண்ண வடிவ உயிரணுக்கள் அங்கே நிற்கும். குடல் எங்கே, நெஞ்சுக்குழி எங்கே! ஒரு வகைத் திசு இருக்கவேண்டிய இடத்தில் இன்னொரு வகைத் திசு வந்து குடியேறுவதைத் திசு மாற்றம் என்கிறோம். இது இன்னும் புற்றுநோய் இல்லை. சொல்லப்போனால், உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு இது.

இந்த மாற்றத்துக்கு நார்மன் பேரட் என்பவரின் பெயர் நிலைத்துவிட்டது. அவர் 1903இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் பிறந்து, லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1950இல் அவர் எழுதிய கட்டுரையில், செந்நிறத் தோல் உள்ள அந்தப் பகுதி உண்மையில் உணவுக்குழாயே இல்லை, பிறவியிலேயே குழாய் குட்டையாக இருப்பவர்களுக்கு இரைப்பை நீண்டு நெஞ்சுக்குள் ஏறி நிற்கிறது என்று வாதாடினார். 1953இல் இங்கிலாந்தின் அலிசன், ஜான்ஸ்டோன் என்ற இருவர், அது உணவுக்குழாய்தான், அதன் தோல்தான் மாறியிருக்கிறது என்று காட்டினார்கள். பேரட் 1957இல் அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொண்டார். அவர் முதலில் மறுத்த பொருளுக்கே அவர் பெயர் வந்து சேர்ந்தது! அன்று முதல் மருத்துவர்கள் இதைப் பேரட் உணவுக்குழாய் என்றே அழைக்கிறார்கள். உங்கள் மருத்துவச் சீட்டில் இந்தப் பெயர் இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஆனால் அலட்சியமும் செய்யாதீர்கள்.

ஏன் பயப்பட வேண்டாம் என்கிறேன் என்றால், இப்படித் தோல் மாறிய ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், ஓர் ஆண்டில் ஒருவருக்கோ, இருவருக்கோ, மூவருக்கோதான் புற்றுநோய் உண்டாகிறது. மற்றவர்கள் அந்தத் திட்டோடேயே வாழ்ந்து, வேறு காரணங்களால் வயதாகிப் போய்ச் சேருகிறார்கள். ஏன் அலட்சியம் கூடாது என்கிறேன் என்றால், அந்த ஒருவர் யார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மாறிய தோலில் அடுத்த படி, உயிரணுக்கள் ஒழுங்கு கெடுவது. நேர் வரிசையில் நின்றவை தாறுமாறாக நிற்கத் தொடங்கும். அவற்றின் நடுக்கரு பெருத்துக் கறுக்கும். முதலில் கொஞ்சம் கெடும். பிறகு மிகவும் கெடும். அதற்கும் அடுத்த படிதான் புற்று. ஸ்கோப் வழியே எடுத்த துணுக்கில் இந்தப் படிகளைப் பிரித்துப் பார்க்கலாம். வலி சொல்லாத செய்தியைத் துணுக்கு சொல்லும்.

சுவீடன் நாட்டில் 1999இல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைக் கணக்கிட்டுக் காட்டியது. வாரத்துக்கு ஒரு முறையாவது நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ உள்ளவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிட, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் வரும் இந்த வகைப் புற்று ஏறத்தாழ எட்டு மடங்கு அதிகமாக வந்தது. கடுமையான எரிச்சல் நெடுங்காலம் இருந்தவர்களுக்கு நாற்பது மடங்குக்கும் மேல். ஆனால் அதே ஆராய்ச்சி இன்னொன்றையும் காட்டியது. புற்று சற்றே கீழே, இரைப்பையின் வாயிலில் தோன்றியிருந்தால், நெஞ்செரிச்சலோடு அதற்கிருந்த தொடர்பு மிகவும் குறைவு, இரண்டு மடங்குதான். இரண்டு விரற்கடை கீழே இறங்கியதும் கணக்கு இப்படி மாறுவானேன்?

ஏனென்றால் அந்தச் சந்திப்புக்குப் புற்று வந்து சேர இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று மேலிருந்து இறங்குவது. இதுவரை சொன்னது அதுதான். மற்றொன்று கீழே இரைப்பையிலிருந்து ஏறி வருவது. அங்கே குற்றவாளி அமிலம் அன்று, ஒரு கிருமி.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. பெயர் நீளமானது, கிருமி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். கடும் அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்றுதான் மருத்துவ உலகம் நெடுநாள் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர் 1982இல் அதை வளர்த்துக் காட்டினார்கள். நம்புவார் இல்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது, இரைப்பை வீங்கிச் சிவந்தது. (தயவுசெய்து இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் அந்தக் கிருமியைப் புற்றுநோய் உண்டாக்குவன பட்டியலில் சேர்த்தது. 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டிலுள்ளவர்களிடமிருந்து வயிற்றுக்குள் புகுகிறது. நெருக்கமான குடியிருப்பும், நல்ல குடிநீரும் கழிப்பிடமும் இல்லாமையும் அதற்குத் துணை. ஓர் அறையில் ஏழெட்டுப் பேர் படுத்த லயத்து வாழ்க்கையை நினைத்தால், நம் பாட்டன்மாருக்கும் பெற்றோருக்கும் அது எப்படி வந்திருக்கும் என்று யூகிக்க முடிகிறது. உள்ளே புகுந்த கிருமி இரைப்பையின் தோலை நெடுங்காலம் புகைய வைக்கிறது. சிலருக்கு அந்தத் தோல் மெலிந்து, அமிலம் சுரக்கும் சுரப்பிகள் தேய்ந்து, பிறகு அங்கேயும் குடலின் தோல் போன்றது வந்து அமர்ந்து, பிறகு ஒழுங்கு கெட்டு, கடைசியில் புற்றாகிறது. இந்த ஏணிப்படியை 1975இல் முதன்முதலில் வகுத்துச் சொன்னவர் கொலம்பியா நாட்டு மருத்துவர் பெலாயோ கொரேயா. மேலிருந்து வரும் பாதையும் கீழிருந்து வரும் பாதையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன பாருங்கள். இரண்டிலும் நெடுநாள் புண், இரண்டிலும் இடம் மாறிய குடல் திசு, இரண்டிலும் ஒழுங்கின்மை, கடைசியில் புற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மூன்று இனத்தார் ஒரே மண்ணில், ஒரே மருத்துவமனைகளுக்கு வந்துபோகும் மலேசியா, இந்த ஆராய்ச்சிக்கு ஒரு பாடசாலையாகவே அமைந்துவிட்டது. கிளந்தான் மாநிலத்து மலாய்க்காரர்களிடையே அந்தக் கிருமி மிக மிகக் குறைவு என்று 1994இல் வெளியான ஆய்வு காட்டியது. நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே அது காணப்பட்டது; உலகில் வேறெங்கும் எளிதில் காணாத அளவு. அங்கே இரைப்பைப் புற்றும் அரிது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் கோ கியான் லீயும் கிருமியியல் பேராசிரியர் பராசக்தியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அந்தக் கிருமி இருந்தது. மூன்று இனங்களில் மலாய்க்காரர்களுக்கே அது மிகக் குறைவு.

அப்படியானால் இரைப்பைப் புற்றும் இந்தியர்களுக்குத்தானே அதிகமாக இருக்கவேண்டும்? இல்லை. இந்நாட்டில் அது அதிகமாக இருப்பது சீனர்களுக்கு. கிருமியைச் சுமக்கும் நமக்கோ அவர்களைவிடக் குறைவு. இந்தப் புதிரை உலக மருத்துவ நூல்களிலும் காணலாம். சீனர்களில் பலருக்கு அந்தக் கிருமி இரைப்பை முழுவதும் பரவிச் சுரப்பிகளைத் தேய்த்து விடுகிறது, நம்மவர்களுக்கு அது பெரும்பாலும் இரைப்பையின் அடிப்பகுதியோடு நின்று அமிலத்தைக் குறைக்காமல் விட்டுவிடுகிறது என்பது ஒரு விளக்கம். அந்த விளக்கம் சரியானால் நமக்கு அதில் பாதி மகிழ்ச்சிதான். ஏனென்றால் குறையாத அமிலம் எங்கே போகும்? மேலேதான்.

மேலே போகிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஸ்கோப் செய்துகொண்ட 1000 நோயாளிகளைப் பார்த்த ஆய்வும், ஈப்போ மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திரா குழுவினர் ஏறத்தாழ 2000 பேரைப் பார்த்த ஆய்வும் 2004இல் வெளிவந்தன. முதலாவது, இந்தியர்களுக்கு அமில எதுக்களிப்பு நோய் வர வாய்ப்பு அதிகம் என்றது. இரண்டாவது, பேரட் மாற்றமே இந்தியர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது என்றது. இதற்குப் பரம்பரை காரணமா, உணவா, உடல் பருமனா என்று ஒரு வாக்கியத்தில் சொல்லி முடிக்க முடியாது. என் கருத்தைக் கேட்டால், நம் வாழ்க்கை மாறிய வேகத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பேன். அன்று 400, 500 மரங்களை நடந்து வெட்டிய குடும்பத்தின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, நள்ளிரவில் உண்டு, விடிந்ததும் படுக்கிறார்கள். பத்து காவான் ஒரு காலத்தில் தோட்டம். இன்று அங்கே தொழிற்பேட்டை, 2014இல் திறந்த இரண்டாவது பாலம். மரம் போய்விட்டது, தொப்பை வந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டு அளவு மட்டும் மரம் வெட்டிய காலத்து அளவாகவே இருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். உணவுக்குழாயில் வரும் எல்லாப் புற்றும் இந்த வகை அன்று. குழாயின் மேல்பகுதியிலும் நடுப்பகுதியிலும் வருவது பெரும்பாலும் அந்தத் தட்டைத் தோலிலேயே முளைப்பது. அதற்கு அமிலம் காரணமில்லை; புகையிலையும் மதுவும் வெற்றிலைப்பாக்கும் காரணம். புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்ப் பொருளென்று உலக அமைப்பு 1985இல் அறிவித்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்லும் நம் பாட்டிமார்களுக்கு 2004இல் வந்த செய்தி கசப்பானது: பாக்கே தனியாகவும் புற்றை உண்டாக்கும். நம் தீவுக்குப் பெயரே பாக்கு மரத்தால் வந்தது. பினாங்கு மாநிலக் கொடியிலும் அந்த மரம்தான் நிற்கிறது. கொடியில் நிற்கட்டும், வாயில் வேண்டாம். மலிவான சம்சுவைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசவேண்டும். அது மேலே உள்ள தோலையும் கெடுக்கிறது, கீழே உள்ள மூடியையும் தளர்த்துகிறது.

இப்போது வீட்டுக்குள் வருவோம். இந்த நோயில் மிகப் பெரிய துரோகி, நம் பழகிக்கொள்ளும் குணம். சோறு நெஞ்சில் நிற்கிறது என்றால், தாய்மார்கள் சோற்றைக் குழைய வடிக்கிறார்கள். அதுவும் நின்றால் கஞ்சி. கஞ்சியும் நின்றால் மைலோ. வீட்டில் யாரும் "ஏன்?" என்று கேட்பதில்லை. குழாயின் உள்வட்டம் பெருமளவு அடைபட்ட பிறகுதான் விழுங்குவது கடினமாகும். ஆகவே, முதல் முறை இறைச்சியோ சோற்று உருண்டையோ நெஞ்சில் சிக்கியபோதே நோய் ஏற்கெனவே வளர்ந்திருக்கலாம். அங்கிருந்து கஞ்சிக்கு வர மூன்று மாதம், மைலோவுக்கு வர இன்னும் இரண்டு மாதம் என்று கழித்துவிட்டு, எலும்பும் தோலுமாகப் பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்கிறவர்களுக்கு மருத்துவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

அதனால் சில அறிகுறிகளை மட்டும் மனத்தில் வையுங்கள். விழுங்கும்போது சிக்குவது, அதுவும் நாளுக்கு நாள் கூடுவது. காரணமின்றி எடை குறைவது. கைலி இடுப்பில் நழுவுகிறதே என்று பார்த்தாலே தெரியும். தார் போன்ற கறுப்பு மலம். இரத்த வாந்தி. ஓயாத வாந்தி. இரத்தச் சோகை, மூச்சு வாங்குவதும் முகம் வெளுப்பதும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஈனோவைத் தேடாதீர்கள். அந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, செபராங் பிறையில் இருப்பவர்கள் செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ, கடல் தாண்டிப் பினாங்குப் பொது மருத்துவமனைக்கோ போகலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அறிகுறி எதுவும் இல்லை, எரிச்சல் மட்டும்தான் என்றால்? எல்லாருக்கும் ஸ்கோப் வேண்டியதில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக வாரந்தோறும் எரிகிறது, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஆண், தொப்பை, புகைப்பழக்கம், குடும்பத்தில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தது — இவற்றில் மூன்று நான்கு ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு முறை உள்ளே பார்ப்பது நல்லது. பெண்களுக்கு வராது என்று பொருளில்லை; ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம், அவ்வளவே.

வீட்டில் செய்யக்கூடியவை எளிமையானவை. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பலகை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடுமே தவிரக் குறையாது. இடது பக்கமாகப் படுத்தால் எதுக்களிப்பு குறையும். எடை குறைந்தாலே பலருக்கு எரிச்சல் குறையும். செம்பனைக் குலை தூக்கி முதுகு வலிக்கிறதென்று கடையில் வாங்கிச் சாப்பிடும் வலி மாத்திரைகளில் பல, இரைப்பையைப் புண்ணாக்குபவை, அவற்றைக் குறையுங்கள். மருத்துவர் தரும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலத்தைக் குறைத்துப் புண்ணை ஆற்றும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மாத்திரையால் எரிச்சல் நின்றாலும், ஏற்கெனவே மாறிய தோல் தானாகப் பழைய தோலாகத் திரும்புவதில்லை. கிருமி இருக்கிறதா என்பதை மூச்சுப் பரிசோதனையாலோ மலப் பரிசோதனையாலோ அறியலாம். இருந்தால் இரண்டு கிருமிக்கொல்லிகளும் ஓர் அமிலக் குறைப்பு மாத்திரையுமாகப் பெரும்பாலும் 14 நாள் சாப்பிட வேண்டும். வாய் கசக்கிறதென்று ஆறாம் நாளே நிறுத்திவிட்டால், கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

தோல் மாறியிருப்பதாகத் தெரிந்தால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஸ்கோப் செய்து துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். ஒழுங்கு கெட்டிருந்தால், இப்போதெல்லாம் நெஞ்சைத் திறக்காமலேயே, ஸ்கோப் வழியாக அந்தத் திட்டை வெட்டி எடுக்கவும் வெப்பத்தால் சுட்டு நீக்கவும் முடிகிறது. சுட்ட இடத்தில், அமிலத்தை மருந்தால் அடக்கி வைத்திருந்தால், பழைய தட்டைத் தோலே மறுபடியும் வளர்ந்து வருகிறது. நல்ல புதுப்பட்டை வளர்வது போலத்தான். புற்றாகவே ஆகிவிட்டால், சந்திப்புக்கு மேலும் கீழும் ஐந்து சென்டிமீட்டருக்குள் அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்து, ஜெர்மானிய அறுவை மருத்துவர் சீவெர்ட் வகுத்த மூன்று பிரிவுகளில் எதில் சேரும் என்று கண்டு, எந்த உறுப்பில் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். அது பெரிய அறுவை. மருந்துச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் கூடச் சேரும்.

ஸ்கோப் என்றால் பலர் நடுங்குகிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவிலிருந்து உண்ணாமல் போகவேண்டும். தொண்டையில் மரத்துப் போகும் மருந்தைத் தெளிப்பார்கள். வேண்டுமானால் தூக்க ஊசியும் போடுவார்கள். இடது பக்கமாகப் படுக்க வைத்து, சுண்டுவிரல் பருமனுள்ள குழாயை விழுங்கச் சொல்வார்கள். குமட்டும், ஆனால் மூச்சு அடைக்காது, ஏனென்றால் அது மூச்சுக்குழாயில் போவதில்லை. பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். துணுக்கு எடுப்பது வலிக்காது. உணவுக்குழாயின் உள்தோலுக்குக் கிள்ளும் உணர்ச்சி இல்லை. தூக்க ஊசி போட்டுக்கொண்டால் அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. ஆகவே மகனையோ மருமகளையோ துணைக்கு அழைத்துப் போங்கள். துணுக்கின் முடிவு சில வாரங்களில் வரும். அதைக் கேட்டு வாங்கப் போகும்போது, "கோடு எந்த இடத்தில் இருந்தது, தோல் மாறியிருக்கிறதா, கிருமி இருந்ததா, மறுபடியும் எப்போது வரவேண்டும்?" என்று இந்த நான்கையும் கேளுங்கள். பதிலைத் தமிழிலோ மலாயிலோ ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, அடையாள அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.